எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குக் காப்பீட்டுப் பணம் பெறுவது எப்படி?

பேரியாட்ரிக் எனப்படும் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்கு இந்தியாவில் காப்பீடு கிடையாது என்று இன்னமும் பலர் நினைக்கிறார்கள். முன்பெல்லாம் அப்படித்தான் இருந்தது. 2019 செப்டம்பரில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ, எல்லாக் கம்பெனிகளும் ‘இதற்குப் பணம் தரமாட்டோம்’ என்று எழுதும் விலக்குகளுக்குப் பொதுவான வாசகம் ஒன்றை வகுத்தது. 2020 அக்டோபரிலிருந்து பழைய பாலிசிகளும் அந்த வாசகத்துக்கு மாறின. உடல் பருமனுக்கான விலக்கின் எண் 06. விலக்குப் பட்டியலில் இருந்தாலும் அதற்குள் ஒரு வாசல் உண்டு. சொல்லப்பட்ட நிபந்தனைகள் அத்தனையும் நிறைவேறினால் அந்த விலக்கைக் காட்டி மறுக்க முடியாது.

நிபந்தனைகள் இவை. மருத்துவர் பரிந்துரைத்திருக்க வேண்டும். ஏற்கப்பட்ட மருத்துவ நெறிமுறைப்படி அந்த சிகிச்சை தேவைப்பட வேண்டும். வயது 18 நிறைந்திருக்க வேண்டும். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பிஎம்ஐ எண் 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். 35 முதல் 40 வரை என்றால், எளிய வழிகளில் எடை குறைக்க முயன்று பலிக்காத நிலையில், கூடவே இந்த நான்கில் ஒன்று இருக்க வேண்டும்: பருமனால் வந்த இதயத்தசை நோய், இதய ரத்தக்குழாய் நோய், தீவிரமான உறக்க மூச்சுத்தடை, கட்டுக்குள் வராத இரண்டாம் வகை நீரிழிவு.

இந்த நாலைத் திரும்பப் படியுங்கள். மூட்டுவலி இல்லை. பிசிஓஎஸ் எனும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இல்லை. கொழுப்புக் கல்லீரல், ரத்த அழுத்தம், குழந்தையின்மை எதுவும் இல்லை. ஆனால் அறுவை நிபுணர்கள் இவற்றையெல்லாம் கணக்கில் எடுத்துத்தான் பரிந்துரைக்கிறார்கள். ஆசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரையும் இதய நோயும் வந்துவிடுவதால், 2022-ல் வெளியான சர்வதேச மருத்துவ வழிகாட்டுதல் 27.5 பிஎம்ஐ உள்ள ஆசியருக்கும் அறுவை சிகிச்சையைப் பரிசீலிக்கலாம் என்கிறது. காப்பீட்டு வாசகம் அந்த இடத்துக்கு இன்னும் வரவில்லை. “டாக்டரே எழுதிக் கொடுத்தார், கம்பெனி எப்படி மறுக்கலாம்?” என்ற கோபத்துக்குப் பெரும்பாலும் இந்த இடைவெளிதான் காரணம். பிஎம்ஐ 33 உள்ளவர் இந்த விலக்கோடு மோதி நேரத்தை வீணாக்குவதைவிட, செலவுக்கு வேறு வழி பார்ப்பது நல்லது.

உயரத்தைச் சரியாக அளந்துகொள்ளுங்கள்

கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் பிஎம்ஐ. 160 செ.மீ. உயரமுள்ளவருக்கு 40 என்ற கோடு 102.4 கிலோவில் விழும், 35 என்ற கோடு 89.6 கிலோவில். 170 செ.மீ. என்றால் 115.6, 101.2.

எடையை எல்லாரும் கவனமாகப் பார்ப்பார்கள். உயரம்தான் காலை வாரிவிடும். 109 கிலோ எடையுள்ளவரின் உண்மையான உயரம் 165 செ.மீ. என்றால் பிஎம்ஐ 40.04. ஓபி-யில் செருப்போடு நிற்க வைத்து 167 என்று எழுதிவிட்டால் 39.1. அந்த இரண்டு சென்டிமீட்டரில் கேஸே வேறு பிரிவுக்குப் போய்விடும். செருப்பைக் கழற்றி, சுவரோடு பொருத்திய அளவுகோலில் அளக்கச் சொல்லுங்கள். மருத்துவமனைக்கு மருத்துவமனை உயரம் மாறியிருந்தால் காப்பீட்டு டாக்டர் முதலில் அதைத்தான் பிடிப்பார்.

இன்னொன்று. அறுவைக்கு முன் கல்லீரல் சுருங்குவதற்காக இரண்டு வாரம் குறைந்த கலோரி உணவு கொடுப்பார்கள். அதில் சில கிலோ இறங்கிவிடும். அட்மிஷன் அன்று 39 காட்டினால் கேள்வி வரும். ஆகவே முன் அனுமதி விண்ணப்பம் அந்த உணவு தொடங்குவதற்கு முன்பே போக வேண்டும், முதல் ஆலோசனை நாளின் எடை அதில் தேதியோடு இருக்க வேண்டும். எடைக் குறைப்பு ஊசி போட்டுக்கொண்டிருப்பவர்களுக்கும் இது பொருந்தும். ஊசியால் 35-க்குக் கீழே இறங்கியவர், ‘முன்பு 42 இருந்தது’ என்று சொல்லி க்ளெய்ம் வாங்குவது கடினம்.

காகிதங்கள்: ஆறு மாதம் முன்பே ஆரம்பியுங்கள்

க்ளெய்மின் தலைவிதி அட்மிஷன் அன்று முடிவாவதில்லை, அதற்கு முந்தைய ஓபி சீட்டுகளில் முடிவாகிறது. ‘எளிய வழிகளில் பலிக்கவில்லை’ என்பதற்கு எத்தனை மாதம் என்று வாசகத்தில் இல்லை. ஆறு மாதத் தொடர் பதிவு இருந்தால் கேள்விகள் வெகுவாகக் குறையும். வாக்கிங் போனேன், அரிசியைக் குறைத்தேன் என்று வாயால் சொல்வது செல்லாது. மாதம் ஒரு முறை உணவியல் நிபுணரைப் பார்த்து, ஒவ்வொரு முறையும் எடையும் தரப்பட்ட உணவுத் திட்டமும் முத்திரையோடு சீட்டில் ஏறட்டும். ஜிம் ரசீது, வாங்கிய மாத்திரை பில் எல்லாம் கூடச் சேரட்டும்.

கோப்பில் இருக்க வேண்டியவை:

- தேதியிட்ட எடைப் பதிவுகள், பழைய மாஸ்டர் செக்கப் அறிக்கைகள் உட்பட
- நீரிழிவு இருந்தால் மூன்று மாத இடைவெளியில் எடுத்த இரண்டு ஹெச்பிஏ1சி (சராசரி சர்க்கரை அளவு) முடிவுகள், அப்போது சாப்பிட்ட மருந்துகளின் சீட்டோடு. மருந்து எடுத்தும் அடங்கவில்லை என்பது தெரிய வேண்டும். மருந்தே எடுக்காமல் ஹெச்பிஏ1சி 9 என்றால், ‘முதலில் மருந்து சாப்பிடட்டும்’ என்பார்கள்
- குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் உறக்க ஆய்வு அறிக்கை. ஒரு மணி நேரத்துக்கு எத்தனை முறை மூச்சு தடைப்படுகிறது என்ற ஏஹெச்ஐ எண் 30 அல்லது மேல் இருந்தால்தான் ‘தீவிரம்’. 22 என்றால் அது நடுத்தரம், விலக்கின் வாசகத்துக்குப் போதாது
- இதயக் கோளாறு என்றால் எக்கோ, ஆஞ்சியோ அறிக்கைகள்
- தைராய்டு, கார்டிசால் பரிசோதனை: பருமனுக்கு ஹார்மோன் காரணம் இல்லை என்று காட்ட
- மனநல மதிப்பீடு, மயக்க மருந்து நிபுணரின் தகுதிச் சான்று

அறுவை நிபுணரின் கடிதம்தான் எல்லாவற்றுக்கும் தலை. ‘உடல் பருமன், ஸ்லீவ் (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டிச் சிறிதாக்குவது) செய்ய வேண்டும்’ என்று ஒரு வரி போதாது. உயரம், எடை, பிஎம்ஐ, எத்தனை ஆண்டாகப் பருமன், முயன்ற வழிகள் மாதக் கணக்கோடு, துணை நோயும் அதன் எண்ணும், ஏன் ஸ்லீவ் அல்லது ஏன் பைபாஸ் (உணவைக் குடலுக்குக் குறுக்கு வழியில் அனுப்புவது), செய்யாவிட்டால் என்ன ஆபத்து என்று ஒரு பக்கமாவது இருக்கட்டும். கூச்சப்படாமல் கேளுங்கள். பேரியாட்ரிக் அதிகம் செய்யும் மருத்துவமனைகளில் இதற்கு ஒருங்கிணைப்பாளர் இருப்பார்.

நோய் எப்போது தொடங்கியது என்ற வரியை மட்டும் நீங்களே படித்துப் பாருங்கள். அவசரத்தில் ‘பத்து வருஷமாக சுகர்’ என்று ஜூனியர் டாக்டர் எழுதிவிடுவார். உண்மையில் மூன்று வருஷம்தான் என்றால், நான்கு வருஷப் பாலிசியில் நோயை மறைத்து எடுத்ததாகக் குற்றச்சாட்டு கிளம்பும். பொய் எழுதச் சொல்லவில்லை, முதல் பரிசோதனைத் தேதியைச் சரியாக எழுதச் சொல்லுங்கள். குடலிறக்கம், பித்தப்பைக் கல் என்று வேறு பெயரில் அனுமதி வாங்கித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். அது மோசடி. க்ளெய்மும் போகும், பாலிசியும் போகும்.

பாலிசியில் தேட வேண்டிய இடங்கள்

ஏஜென்ட் கொடுத்த விளம்பரத் தாளை ஒதுக்கிவிட்டு, முழு வாசகத்தின் பிடிஎஃப்-ஐத் திறந்து ‘ஒபிசிட்டி’, ‘பேரியாட்ரிக்’ என்ற சொற்களை ஆங்கிலத்தில் தேடுங்கள். மூன்று விஷயம் தெரிய வேண்டும். காத்திருப்புக் காலம் எவ்வளவு? இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் வைத்திருப்பது சகஜம். 2024 ஏப்ரலிலிருந்து முன்பே இருந்த நோய்களுக்கு 36 மாதத்துக்கு மேல் வைக்கக்கூடாது. அடுத்து, உச்சவரம்பு உண்டா? பத்து லட்சம் பாலிசியிலும் பேரியாட்ரிக்குக்குத் தனியாகச் சிறிய வரம்பு வைத்திருப்பார்கள். மூன்றாவது அறை வாடகை வரம்பு. அதைத் தாண்டிய அறை எடுத்தால் வாடகை வித்தியாசம் மட்டுமில்லாமல், அறையோடு சேர்ந்த கட்டணங்களும் அதே விகிதத்தில் வெட்டுப்படும்.

பாலிசி எடுக்கும்போது உயரமும் எடையும் எழுதிய படிவத்தின் நகலையும் எடுத்துப் பாருங்கள். 105 கிலோ இருந்தவருக்கு 80 என்று ஏஜென்ட் நிரப்பியிருப்பது புதிதல்ல. ஐந்து ஆண்டு தொடர்ந்து கட்டிய பாலிசியில் மோசடி நிரூபணமானால் தவிர இந்தக் காரணத்தைக் கிளப்ப முடியாது. அதற்குள் என்றால் கம்பெனிக்கு எழுதித் திருத்திக்கொள்வதே உத்தமம்.

ஆபீஸ் குரூப் பாலிசியில் காத்திருப்பு பெரும்பாலும் இருக்காது, ஆனால் பேரியாட்ரிக்கையே அதிலிருந்து நீக்கியிருக்கலாம். எச்ஆரிடம் மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். வேலையை விடும் எண்ணம் இருந்தால் அதற்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். தமிழக அரசு ஊழியர் திட்டமும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் அனுமதிக்கப்பட்ட சிகிச்சைகளின் பட்டியல்படி நடப்பவை. பட்டியலில் உங்கள் சிகிச்சை இருக்கிறதா, எந்த மருத்துவமனையில் என்று 1800 425 3993-ல் முதலமைச்சர் திட்டத்துக்குக் கேட்கலாம். எதுவுமே பொருந்தாதவர்கள் சென்னையில் ஸ்டான்லி, ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனைகளின் இரைப்பை குடல் அறுவை சிகிச்சைத் துறையில் நேரில் விசாரிப்பது நல்லது.

வீட்டின் ஆதரவு

காப்பீட்டு டாக்டர் கேட்கும் அதே கேள்வியைத்தான் வீட்டிலும் கேட்பார்கள்: “சாப்பாட்டைக் குறைச்சா போதாதா?” ஆறு மாதக் கோப்பு இரண்டு பேருக்கும் பதில் சொல்லும். எதிர்ப்பவரையே உணவியல் நிபுணரிடம் ஒருமுறை கூட்டிப்போங்கள். வீட்டில் நூறு தடவை பேசுவதைவிட அந்த அரைமணி நேரம் உதவும்.

சம்மதத்தோடு கைவேலையும் வேண்டும். அறுவைக்குப் பின் முதல் இரு வாரம் வடிகட்டிய திரவம்தான்: பருப்புத் தண்ணீர், மோர், வடிகட்டிய சூப், புரதப் பொடி. பிறகு மசித்த உணவு, அப்புறம்தான் மென்மையானது. நாளுக்கு 60 கிராம் புரதமாவது போக வேண்டும், சைவ வீட்டில் இது திட்டமிடாமல் நடக்காது. ஒரு வாய்க்கு மேல் இறங்காதவரிடம் “இன்னொரு இட்லி” என்று வற்புறுத்தும் பாசம் வாந்தியில் முடியும். கணவரோ, அம்மாவோ, அண்ணனோ, யாராவது ஒருவர் காப்பீட்டுக் கோப்பையும் போனையும் பொறுப்பேற்கட்டும். அறுவை அன்று நோயாளியால் கேள்விகளுக்குப் பதில் சொல்ல முடியாது.

முன் அனுமதி

திட்டமிட்ட சிகிச்சை என்பதால் குறைந்தது 72 மணி நேரம் முன்பு மருத்துவமனையின் காப்பீட்டு டெஸ்க் வழியாக விண்ணப்பம் போகட்டும். ஒரு வாரம் முன்பே போனால் இன்னும் நல்லது. 2024 மே மாத ஐஆர்டிஏஐ சுற்றறிக்கைப்படி கேஷ்லெஸ் (கம்பெனியே மருத்துவமனைக்கு நேரடியாகப் பணம் கட்டுவது) கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்திலும், டிஸ்சார்ஜ் அனுமதிக்கு மூன்று மணி நேரத்திலும் முடிவு சொல்ல வேண்டும். நடப்பில் ‘இந்த ரிப்போர்ட் வேண்டும்’ என்று ஒரு கேள்வி அனுப்பி நேரத்தை நீட்டுவார்கள். கோப்பு முழுமையாக இருந்தால் அப்படிக் கேட்க இடமிருக்காது. செலவு மதிப்பீட்டில் இரைப்பையை வெட்டித் தைக்கும் ஸ்டேப்ளர் கருவியின் தோட்டாக்களின் எண்ணிக்கையும் விலையும் தனியாக எழுதச் சொல்லுங்கள். பில்லில் பெரிய தொகை அதுதான்.

மறுத்தால்

கேஷ்லெஸ் மறுப்பு என்பது க்ளெய்ம் மறுப்பு ஆகாது. கையிலிருந்து கட்டிவிட்டு, பிறகு ரீஇம்பர்ஸ்மென்ட் கேட்கும் உரிமை அப்படியே இருக்கிறது. அறுவையைத் தள்ளிப்போட முடிந்தால், தள்ளிப்போட்டு விடுபட்ட அறிக்கையைச் சேர்த்து மறுபடி அனுப்புவது செலவில்லாத வழி.

மறுப்பை எந்த விதியின் கீழ் என்ற குறிப்போடு எழுத்தில் வாங்குங்கள். க்ளெய்மை நிராகரிக்கக் கம்பெனியின் க்ளெய்ம் மறுஆய்வுக் குழு ஒப்புதல் தந்திருக்க வேண்டும். தந்ததா என்றும் கேளுங்கள். ‘அழகுக்கான சிகிச்சை’ என்று மறுத்தால், அது வேறு விலக்கு, எண் 08. நிபந்தனைகள் பொருந்தும் பேரியாட்ரிக்கை அதில் தள்ள முடியாது என்று நிபுணர் கடிதத்தோடு எழுதுங்கள். கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு முதல் புகார். கூடவே ஐஆர்டிஏஐ-யின் புகார்த் தளமான பீமா பரோசாவிலோ 155255 எண்ணிலோ பதிவு செய்யலாம்.

ஒரு மாதத்தில் பதில் இல்லை அல்லது பதில் சரியில்லை என்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மன். மறுப்பு வந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் வரை விசாரிக்கும் அதிகாரம் உண்டு. தமிழ்நாட்டுக்கு அலுவலகம் சென்னையில். மனுவில் உணர்ச்சிக் கதை வேண்டாம். இடப்பக்கம் விலக்கு 06-ன் ஒவ்வொரு நிபந்தனை, வலப்பக்கம் அதை நிறைவேற்றும் ஆவணத்தின் பக்க எண், இப்படி ஒரு அட்டவணை போதும்.

டிஸ்சார்ஜுக்குப் பிறகு

பாலிசியில் சொன்ன நாள் வரை, பெரும்பாலும் 60 அல்லது 90 நாள், பரிசோதனை, மருந்து பில்களைத் தனியாகக் கேட்டு வாங்கலாம். அதன் பின் ஆயுள் முழுக்கத் தேவைப்படும் பி12, இரும்பு, கால்சியம், டி வைட்டமின் செலவு உங்களுடையது. எடை இறங்கியபின் தொங்கும் தோலை அகற்றுவது வழக்கமாக அழகு சிகிச்சைக் கணக்கில் போகும், பணம் வராது. வயிற்றுக்குள் வைக்கும் பலூனும் அறுவை சிகிச்சை இல்லை என்று பெரும்பாலும் தள்ளப்படும்.

கசிவு, அடைப்பு என்று மறுபடி சேர வேண்டி வந்தால் அது புது க்ளெய்ம், புது முன் அனுமதி. அதனால் அந்த ஆண்டில் மீதமுள்ள காப்பீட்டுத் தொகை எவ்வளவு என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுப் பிரீமியத்தைப் புதுப்பிக்க 30 நாள் அவகாசம் உண்டு. அந்த இடைநாட்களில் பிரீமியம் கட்டாமல் மருத்துவமனைக்குப் போனால் பணம் கிடைக்காமல் போகலாம். அவகாசமும் தாண்டிவிட்டால் புதிய பாலிசியில் காத்திருப்புக் காலம் முதலிலிருந்து ஆரம்பமாகும்.