செக் எஞ்சின் விளக்கும் பி0442-உம்: என் அனுபவம்

கலிஃபோர்னியாவில் அந்த மஞ்சள் செக் எஞ்சின் விளக்கு எரிந்தால் ஸ்மாக் டெஸ்ட்டில் (கார் புகைச் சோதனை) ஃபெயில்தான், அதனால் தள்ளிப்போட முடியவில்லை. காரின் கோளாறுக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனரில் பி0442, அதாவது டேங்கிலிருந்து வரும் பெட்ரோல் ஆவி எங்கேயோ சின்னதாகக் கசிகிறது. 1 மில்லிமீட்டர் ஓட்டையே போதும். எல்லோரும் முதலில் பெட்ரோல் டேங்க் மூடியை மாற்றச் சொல்வார்கள், ஆனால் ரப்பர் வளையத்தில் வெடிப்பு இல்லாமல் மூடி இறுக்கமாகப் பிடித்தால் அது வீண் செலவு. அடுத்து, டேங்கின் ஆவியை எஞ்சினுக்குள் விடும் பர்ஜ் வால்வு. எஞ்சின் ஐடிலில் ஓடும்போது அதன் மின் பிளக்கைக் கழற்றிவிட்டு, கேனிஸ்டர் (ஆவியைப் பிடித்து வைக்கும் கரிப் பெட்டி) பக்கத்து ஹோஸை எடுத்து வால்வின் வாயில் விரலை வைத்தேன். உறிஞ்சல் இல்லை. சரி, ஒழுங்காக மூடுகிறது.

அப்புறம், கசியும் இடம் கண்ணுக்குத் தெரிய உள்ளே புகை விடும் புகை மெஷின். கேனிஸ்டருக்கு வெளிக்காற்றை விடும் வென்ட் வால்வு சும்மா இருக்கும்போது திறந்தேதான் இருக்கும், அதை மூடாமல் புகை விட்டால் எல்லாம் அந்த வழியே போய்விடும், அதனால் ஸ்கேனரில் கட்டளை கொடுத்து மூடினேன். அழுத்தம் அரை பிஎஸ்ஐ போதும். அதைவிடப் பல மடங்கு அழுத்தமுள்ள கம்ப்ரஸர் காற்றை நேராக அடிக்கிறவர்களை நினைத்தால் பயமாக இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் பின்சக்கரத்துக்கு மேலே, டேங்குக்குப் போகும் ஃபில்லர் ஹோஸின் வளைவில், ஊதுபத்தி மாதிரி ஓர் இழை.

ஹோஸையும் கிளாம்ப்பையும் மாற்றி எரரை அழித்தேன். டேங்கைப் பாதியளவில் வைத்துக்கொள்ளுங்கள், விளிம்புவரை நிரப்பினால் பெரும்பாலான கார்கள் தாங்களே செய்துபார்க்கும் கசிவுச் சோதனையைத் தொடங்கவே தொடங்காது.