கரண்ட் போனால் மீன் தொட்டியை எப்படிக் காப்பாற்றுவது

எங்கள் உடுமலைப் பக்கம் பராமரிப்பு வேலை என்று காலை 9 மணிக்கு லைனை ஆஃப் செய்தால் சாயங்காலம் 4, 5 மணிக்குத்தான் விடுவார்கள். அது முன்னாடியே பேப்பரில் வந்துவிடும், சமாளித்துக்கொள்ளலாம். ஆடிக் காத்துதான் சொல்லிக்கொண்டு வராது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கிற அந்தக் காற்றில் வரிசையாக நிற்கிற காத்தாடியெல்லாம் சுற்றி ஊருக்கே கரண்ட் கொடுக்கும், அதே காற்றில் ஒரு தென்னை மட்டை லைன் மேல் விழுந்து எங்கள் தெருவுக்கு மட்டும் இருக்காது. வீட்டில் இரண்டடித் தொட்டி ஒன்று இருந்தால்கூட இதற்கு ஒரு ஏற்பாடு வேண்டும்.

முதல் சில மணி நேரத்தில் மீனுக்கு வருகிற ஆபத்து மூச்சுமுட்டல்தான், அழுக்கைப் பற்றி அப்புறம் கவலைப்படலாம். தண்ணீருக்குள் ஆக்சிஜன் இறங்குவது மேல்பரப்பு வழியாக. ஏர் பம்ப் விடுகிற குமிழியிலிருந்து நேராகக் கரைவது கொஞ்சம்தான், அது மேலே வந்து உடைந்து தண்ணீரைக் கலக்கிவிடுவதால்தான் பெரும்பகுதி உள்ளே போகிறது. 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும், 30 டிகிரியில் ஏழரை. சூடு ஏற ஏற மீனுக்கு மூச்சும் அதிகம் வேண்டும். ஆகச் சித்திரை, வைகாசியில் மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடி.

எவ்வளவு நேரம் தாங்கும் என்பது தொட்டியில் எத்தனை மீன் இருக்கிறது, என்ன மீன் என்பதைப் பொறுத்தது. ஃபைட்டர், கொராமி வைத்திருப்பவர்கள் பதற வேண்டாம், அவை மேலே வந்து நேராகக் காற்றையே குடிக்கும், மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே இடைவெளி இருந்தால் போதும். கோல்ட்ஃபிஷ், கோய், ஆஸ்கர், ஃப்ளவர்ஹார்ன் இதெல்லாம் மூச்சுக்கு நிறையக் கேட்கிற ஜாதி, கூட்டமாக இருந்தால் ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே மேலே வந்து வாயைப் பிளக்க ஆரம்பித்துவிடும். பசி என்று நினைத்துத் தீனி போடாதீர்கள். தின்றால் மூச்சு இன்னும் வேண்டும், மிச்சத் தீனி அழுகி அதுவும் ஆக்சிஜனைத் தின்னும். வளர்ந்த மீன் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் ஒன்றும் ஆகாது.

உடனே செய்ய வேண்டியது, மூடியைத் திறந்து வைத்துவிட்டு சொம்பை எடுப்பது. தொட்டித் தண்ணீரையே மொண்டு ஒரு முழம் உயரத்திலிருந்து காப்பி ஆற்றுகிற மாதிரி திரும்ப ஊற்றுங்கள், கால் மணி நேரத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிஷம். மீன் மேல் விழாமல் ஒரு ஓரமாக ஊற்றினால் போதும். உருண்டை பவுல் வைத்திருப்பவர்கள் கழுத்துவரை இருக்கிற தண்ணீரைக் கொஞ்சம் வெளியே எடுத்து, வயிறு அகலமாக இருக்கிற இடத்தில் மட்டம் நிற்கிற மாதிரி வையுங்கள், மேல்பரப்பு இரண்டு மடங்குகூட ஆகும். மீன் ரொம்ப எச்சாக இருந்தால் பாதியை, அதே தொட்டித் தண்ணீரோடு, அகலமான பிளாஸ்டிக் டப்பில் பிரித்து விட்டுவிடுங்கள். பித்தளை, செம்புப் போசியெல்லாம் வேண்டாம், செம்பு மீனுக்கு விஷம்.

இந்தச் சொம்பு வைத்தியம் எங்கள் வீட்டில் நடந்து பார்த்தது. ஒரு ஒறம்பரைக் கல்யாணத்துக்கு நான் காங்கயம் போயிருந்த அன்றைக்கு, 11 மணிக்கு அம்மா போன் செய்தார். "ஏங்கண்ணு, உன்ற மீனெல்லாம் மேல வந்து வாயப் பொளந்துக்கிட்டு நிக்குது, என்ன பண்ணோணும்?" சொன்னேன். தொட்டிக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டுக்கொண்டு, அடுப்பு வேலைக்கு நடுநடுவே, நாலரை மணிவரை ஊற்றியிருக்கிறார். தரையெல்லாம் ஈரம், எனக்கு நல்ல திட்டு, ஆனால் பத்து கோல்ட்ஃபிஷ்ஷும் உயிரோடு இருந்தன.

கெடுத்தது நான்தான். சாயங்காலம் வந்து, கரண்ட் வந்திருக்கிறதே என்று கேனிஸ்டர் ஃபில்டரை, அதாவது தொட்டிக்கு வெளியே வைக்கிற மூடின டப்பா ஃபில்டரை, அப்படியே ஆன் செய்தேன். காப்பிக் கலரில் ஒரு வீச்சு தண்ணீர் வந்தது, அழுகின முட்டை நாற்றம். கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடும் என்று நினைத்து சாப்பிட்டுப் படுத்துவிட்டேன். வெள்ளென எழுந்து பார்த்தால் ஆறு மிதக்கிறது. அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அப்ப நான் எதுக்குச் சாமி நாள் முழுக்க ஊத்துனேன்?"

நடந்தது இதுதான். ஃபில்டருக்குள் இருக்கிற ஸ்பாஞ்சிலும் பீங்கான் வளையத்திலும் மீன் கழிவை முறிக்கிற பாக்டீரியா குடியிருக்கும், அதற்கும் ஆக்சிஜன் வேண்டும். மூடின டப்பாவில் தண்ணீர் ஓடாமல் நின்றால் சில மணி நேரத்தில் உள்ளே இருக்கிற ஆக்சிஜன் காலி, நல்ல பாக்டீரியா சாக ஆரம்பிக்கும், காற்றில்லாமல் வாழ்கிற வேறு ஜாதி கிளம்பி நாற்ற வாயுவை உண்டாக்கும். அத்தனையையும் பம்ப் ஒரே மூச்சில் தொட்டிக்குள் தள்ளிவிடுகிறது. அதனால் கரண்ட் போய் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டால் கேனிஸ்டரின் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். கரண்ட் வந்தபிறகு டப்பாவைத் திறந்து, உள்ளே இருக்கிற தண்ணீரைப் பொடக்காளியில் கொட்டிவிட்டு, ஸ்பாஞ்சையும் வளையத்தையும் ஒரு வாளி தொட்டித் தண்ணீரில் அலசி, அப்புறம் மாட்டுங்கள். குழாயடியில் குளோரின் தண்ணீரில் அலசினால் மிச்சம் இருக்கிற பாக்டீரியாவும் போச்சு. சாதா ஸ்பாஞ்ச் ஃபில்டரில் இந்த வம்பு ரொம்பக் குறைவு, அது திறந்த தண்ணீரிலேயே இருக்கிறது.

இனி முன்னேற்பாடு. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் தொட்டியை அதில் இணைக்காமல் வைத்திருப்பவர்கள்தான் அதிகம், ஏனென்றால் ஃபேனுக்கும் லைட்டுக்கும் மட்டும் லைன் இழுத்துவிட்டு பிளக் பாயின்ட்டை விட்டிருப்பார்கள். பழைய சீலிங் ஃபேன் ஒன்று 75 வாட் இழுக்கும். சின்னத் தொட்டியின் ஃபில்டர் 15 வாட் பக்கம், ஏர் பம்ப் 3 முதல் 5 வாட். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுத் தொட்டி இருக்கிற சாக்கெட்டுக்கு ஒரு லைன் போட்டுவிட்டால் பாதிப் பிரச்சனை முடிந்தது. தொட்டி லைட்டை மட்டும் அதில் மாட்டாதீர்கள், இருட்டில் மீன் அடங்கிக் கிடக்கும், அதுவே நல்லது. செடித் தொட்டி என்றால் இருட்டில் செடியும் ஆக்சிஜனைத்தான் எடுக்கும் என்பதை மட்டும் ஞாபகத்தில் வையுங்கள், அங்கே ஏர் பம்ப் கண்டிப்பாக ஓட வேண்டும், கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் இருந்தால் மூடியிருக்க வேண்டும்.

இன்வெர்ட்டர் இல்லையா, யூஎஸ்பியில் ஓடுகிற குட்டி ஏர் பம்ப் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 1 வாட் பம்பை 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒன்று சேதாரம் போக ஒரு நாள் முழுக்க ஓட்டும். சில பவர் பேங்க் இழுக்கிற கரண்ட் ரொம்பக் குறைவாக இருந்தால் போன் சார்ஜ் ஆகிவிட்டது என்று நினைத்துத் தானாக ஆஃப் ஆகிவிடும். ராத்திரி அதை நம்பித் தூங்குவதற்கு முன்னால் ஒரு பகலில் ஓட்டிப் பாருங்கள், நின்றால் கூடவே ஒரு யூஎஸ்பி லைட்டையும் சொருகிவிடுங்கள். அப்புறம், எந்த ஏர் பம்பாக இருந்தாலும் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்தால் டியூபில் தண்ணீரைத் திரும்பி வர விடாத நான்-ரிட்டர்ன் வால்வு போட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கரண்ட் நின்றதும் தண்ணீர் டியூப் வழியாக இறங்கி பம்புக்குள்ளும், அங்கிருந்து தரைக்கும் வரும். கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிற சாமான் அது.

வெயில் நாளில் தண்ணீர் சூடேறினால் முந்தின ராத்திரியே ஃப்ரீஸரில் வைத்த தண்ணீர் பாட்டிலை மூடியோடு மிதக்கவிடுங்கள். ஐஸை நேராகக் கொட்டினால் சூடு தடாலென்று இறங்கும், மீன் அதைத் தாங்காது. மணிக்கு ஒரு டிகிரி இறங்கினால் போதும். கால்வாசித் தண்ணீர் மாற்றுவதும் உதவும், ஆனால் திருமூர்த்தி அணைத் தண்ணீர் மாதிரி குழாயில் வருவதில் குளோரின் இருக்கும், அதை முறிக்கிற ஆன்டி குளோரின் விட்டுத்தான் ஊற்ற வேண்டும். போர் தண்ணீரில் குளோரின் இருக்காது, அதற்குப் பதில் உப்பு இருக்கும், பூமிக்கடியிலிருந்து நேராக வருவதால் ஆக்சிஜனும் பெரும்பாலும் குறைவு. எப்போதும் எந்தத் தண்ணீரில் வளர்க்கிறீர்களோ அதையே, வாளியில் நாலு தடவை ஆற்றிவிட்டு ஊற்றுங்கள்.

கரண்ட் வந்ததும் முதல் பத்து நிமிஷம் வோல்டேஜ் ஏறி இறங்கலாம், அதுவரை பிளக்கைச் சொருக வேண்டாம். தொட்டியில் கையை விடுவதாக இருந்தால் எல்லா பிளக்கும் வெளியே இருக்கட்டும். பின்பக்கம் தொங்குகிற ஃபில்டர் என்றால் அந்த ஃபில்டரின் பெட்டிக்குள் தண்ணீர் நிரப்பிவிட்டு ஆன் செய்யுங்கள், இல்லையென்றால் வெறுமனே உறுமிக்கொண்டு சூடாகும். உள்ளே மூழ்கியிருக்கிற பம்ப் சத்தம் மட்டும் வந்து தண்ணீர் வரவில்லை என்றால் விசிறியில் மணலோ பாசியோ சிக்கியிருக்கும், கழற்றிச் சுத்தம் செய்தால் ஓடும். அன்றைக்குத் தீனி வேண்டாம், மறுநாளிலிருந்து ஒரு வாரம் பாதித் தீனி. அமோனியா டெஸ்ட் கிட் இருந்தால் தினமும் பாருங்கள், கொஞ்சமாகக் கலர் ஏறினாலும் கால்வாசித் தண்ணீரை மாற்றிவிடுங்கள்.