சாரல் ஊரில் டகேரியோடைப்: தகடு தேய்ப்பதிலிருந்து சுவரில் மாட்டுவது வரை

செங்கோட்டை, தென்காசிப் பக்கம் இருந்துகொண்டு டகேரியோடைப் (வெள்ளித் தகட்டின் மேல் நேரடியாக எடுக்கும் பழைய புகைப்படம்) செய்ய நினைப்பவர்கள் முதலில் காலண்டரைப் பார்க்க வேண்டும். ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் காற்று தகட்டின் மேல் மூச்சு விட்டதுபோல் ஈரத்தைப் படிய வைத்துவிடும். தகட்டை ஒளியுணர வைக்கும் அயோடின் ஆவி அந்த ஈரத்தின் மேல் திட்டுத்திட்டாகத்தான் ஏறும். தை முதல் பங்குனி வரை தோதான மாதங்கள். மற்ற நாளில் செய்தே ஆக வேண்டுமென்றால் சின்ன அறை ஒன்றை ஏசி போட்டு மூடி, ஈரப்பதமானியில் முள் 55 சதவீதத்துக்குக் கீழே வந்த பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

1839-இல் லூயி டகேர் வெளியிட்ட முறை இது. நெகட்டிவ் கிடையாது, பிரதி கிடையாது. வெள்ளி பூசிய செம்புத் தகடுதான் படம். அமெரிக்காவில் பின் டான் ஒரு வேனையே இருட்டறையாக்கி யோசெமிட்டி மலைகளை இப்படி எடுத்தார். ஜப்பானின் தகாஷி அராய் சின்னச் சின்னத் தகடுகளை அடுக்கிப் பெரிய படைப்பாக்குகிறார். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அராயின் வழிதான் கைகொடுக்கும். 7 க்கு 8 சென்டிமீட்டர் தகட்டில் நன்றாக வருவது, 20 சென்டிமீட்டர் தகட்டில் மூலைக்கு ஒரு குறையோடு வரும்.

பழைய முறையில் படத்தை வெளிக்கொண்டுவருவது சூடேற்றிய பாதரசத்தின் ஆவி. அதை வீட்டில் செய்யவே கூடாது. 1840-இல் எட்மண்ட் பெக்கரல் கண்டுபிடித்த வழியில் பாதரசம் வேண்டாம், சிவப்பு வெளிச்சம் போதும். படம் பிடிக்க அதிக நேரம் ஆகும் என்பதுதான் அதற்கு நாம் கொடுக்கும் விலை. கீழே உள்ளதெல்லாம் பெக்கரல் முறை.

தகடு

ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள செம்புத் தகட்டை அளவாக வெட்டி, விளிம்பின் பிசிறை அரம் போட்டு எடுத்து, முலாம் போடக் கொடுக்கும் முன்பே கீறலில்லாமல் மெருகேற்றுங்கள். செம்பில் இருக்கும் கீறல் வெள்ளிக்கு மேலும் தெரியும். முலாம் பட்டறையில் மூன்று விஷயங்களை அழுத்திச் சொல்ல வேண்டும். வெள்ளி 20 மைக்ரானுக்குக் குறையக் கூடாது. பரிசுப் பொருளுக்குப் போடும் மெல்லிய முலாம் இரண்டாவது மெருகிலேயே தேய்ந்து செம்பு சிவப்பாக எட்டிப் பார்க்கும். அடுத்து, பளபளப்புக்காகத் தொட்டியில் ஊற்றும் மருந்து சேர்க்கக் கூடாது. கடைசியாக, மேலே லாக்கர் (கறுக்காமல் காக்கும் நிறமற்ற பூச்சு) அடிக்கவே கூடாது. குத்துவிளக்குக்கு அடித்துப் பழகிய கை, சொல்லாவிட்டால் இதற்கும் அடித்துவிடும். லாக்கர் இருந்தால் அயோடின் வெள்ளியைத் தொடாது.

மெருகு எந்த அளவுக்கு வேண்டும் என்று தெரிய புனலூர் தாண்டி ஆறன்முளா வரை போய்ப் பார்க்கலாம். அங்கே உலோகக் கண்ணாடியில் விரலை வைத்தால் விரலுக்கும் பிம்பத்துக்கும் நடுவே இடைவெளி இருக்காது. நமக்கு வேண்டியதும் அந்த மெருகுதான். ஆனால் அவர்கள் எண்ணெய் தொட்டுத் தேய்ப்பதை நாம் எடுத்துக்கொள்ள முடியாது. கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலம்கூட அயோடினைத் தடுத்துவிடும்.

அறுபது சென்டிமீட்டர் நீளப் பலகையில் ஃபிளானல் சுற்றி, அதன் மேல் மெல்லிய ஸ்வேட் தோலை இழுத்துக் கட்டுங்கள். இப்படி இரண்டு பலகை வேண்டும். ஒன்றில் நகைப் பட்டறை ரூஜ் பொடி, மற்றொன்றில் விளக்குக் கரி. இரண்டையும் 40 வாட் குண்டு பல்பு எரியும் தகரப் பெட்டியில் வைத்துக் காய்ச்சி, சூடு ஆறுவதற்குள் பயன்படுத்த வேண்டும். ஈரப் பலகையில் எவ்வளவு தேய்த்தாலும் மங்கல் போகாது. கடைசி இழுப்பு எல்லாம் ஒரே திசையில், மாட்டும்போது படத்தில் இடவலமாக வரும்படி இருக்கட்டும். மேல்கீழ் கோடுகள் மின்னினால் முகத்தையே கெடுக்கும்.

சோதனை இதுதான்: தகட்டின் எதிரே கருப்புத் துணியைப் பிடியுங்கள். தகடு மைபோல் கருக்க வேண்டும். சாம்பல் பூத்தால் இன்னும் மெருகு போதவில்லை. நிழல்களின் கருமை முழுக்க இந்த மெருகிலிருந்துதான் வரப்போகிறது. பின்னால் எந்த மருந்தாலும் அதைக் கொண்டுவர முடியாது.

அயோடின்

மரப்பெட்டிக்குள் கண்ணாடித் தட்டு, அதில் ஐந்து கிராம் அயோடின் படிகம், அதன் மேல் பஞ்சு விரிப்பு, நான்கு சென்டிமீட்டர் உயரத்தில் தகட்டைக் கவிழ்த்து வைக்கும் சட்டம். நல்ல காற்றோட்டமும் கையுறையும் கட்டாயம். வீட்டு வெள்ளி, பித்தளை, கேமரா எதுவும் அந்த அறையில் இருக்கக் கூடாது.

மெருகு முடிந்த கையோடு தகட்டைப் பெட்டி மேல் வையுங்கள். மங்கிய வெளிச்சத்தில், வெள்ளைத் தாளின் பிம்பத்தைத் தகட்டில் பார்த்தபடி நிறத்தைக் கவனிக்க வேண்டும். வைக்கோல் மஞ்சள், பொன் மஞ்சள், பிறகு ரோஜா நிறம், அதற்கடுத்து நீலம் என்று வரிசையாக மாறும். பொன் மஞ்சள் ரோஜாவாகத் திரும்பும் இடத்தில் நிறுத்துங்கள். பாதியில் தகட்டைத் திருப்பி வைத்தால் ஒரு பக்கம் மட்டும் முந்தாது. சித்திரை வெயிலில் அயோடின் வேகமாக ஆவியாகும், மார்கழியில் சோம்பும். ஆகவே விநாடிக் கணக்கை நம்பாமல் நிறத்தை நம்புங்கள். கடைசி ஐந்து விநாடியை முழு இருட்டில் கொடுத்தால், பார்ப்பதற்காகக் காட்டிய வெளிச்சத்தின் தடம் அழிந்துவிடும்.

படம் பிடித்தல்

நான்குக்கு ஐந்து அங்குல வ்யூ கேமராவில் கண்ணாடித் தகட்டுக்கான ஹோல்டர் வேண்டும். ஃபிலிம் ஹோல்டரில் இந்தக் கனம் நுழையாது. வெட்டி நுழைத்தாலும் ஃபோகஸ் தள்ளிப்போகும். நல்ல வெயிலில் எஃப் 5.6-இல், ஹோல்டரின் மறைப்பை நான்கு கட்டமாக இழுத்து 30 விநாடி, 1, 2, 4 நிமிடம் என்று ஒரே தகட்டில் சோதித்துப் பாருங்கள். மேகமூட்டம் என்றால் நான்கு மடங்கு.

தகட்டுக்குத் தெரிவது நீலமும் புற ஊதாவும்தான். அதனால் ரப்பர்த் தோட்டம் கரிக்கட்டையாக விழும், செம்மண்ணும் அப்படியே. சுண்ணாம்புச் சுவரும் வேட்டியும் பளிச்சென்று வரும். வானம் அளவுக்கு மீறி ஒளி வாங்கினால் நீலமாகவே மாறிவிடும். அது குறைதான், ஆனால் பார்க்க அழகு. படம் இடவலம் மாறி இருக்கும். கடைப் பலகை நேராகத் தெரிய வேண்டுமென்றால் லென்ஸுக்கு முன் 45 டிகிரியில் முன்பக்கம் ரசம் பூசிய கண்ணாடி வைக்க வேண்டும்.

சிவப்பு வெயில்

தகட்டின் மேல் சிவப்பு ஃபிலிமும் கண்ணாடியும் வைத்து, விளிம்பில் துளி வெள்ளை ஒளி நுழையாதபடி சட்டத்தில் இறுக்கி வெயிலில் வைக்க வேண்டும். திருவிழா ட்யூப்லைட்டில் சுற்றும் ஜெலட்டின் தாள் உதவாது, அது நீலத்தையும் கசிய விடும். ஸ்கிரீன் பிரிண்டிங் பொருள் விற்கும் கடையில் கிடைக்கும் ரூபி ஃபிலிம் வாங்குங்கள். அதையும் சோதித்துக்கொள்வது நல்லது: படம் பிடிக்காத அயோடின் தகட்டில் பாதியைக் கருப்பு அட்டையால் மூடி, மேலே ஃபிலிம் போட்டு இரண்டு மணி நேரம் வெயிலில் வையுங்கள். மூடாத பாதி வெளுத்தால் அந்த ஃபிலிமைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

கால் மணி நேரத்தில் உருவம் தட்டுப்படும். முழுதாக வர ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகலாம். தகடு சூடேறாமல் பக்கத்தில் மின்விசிறி ஓடட்டும். நிழல்களில் பால் கலந்ததுபோல் வெண்மை பரவத் தொடங்கினால் உடனே எடுத்துவிடுங்கள்.

நிறுத்தலும் பொன் பூச்சும்

ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் ஹைப்போ (சோடியம் தயோசல்பேட்) 30 கிராம், சோடியம் சல்பைட் 15 கிராம். மஞ்சள் நிறம் முழுதும் கரையும் வரை ஓரிரு நிமிடம். ஸ்டூடியோக்காரர்களின் அமில ஃபிக்ஸர் வேண்டாம். அலசுவதற்கும் வடித்த நீரே.

இந்த நிலையில் பஞ்சு பட்டாலே படம் போய்விடும். 1840-இல் பிரெஞ்சு விஞ்ஞானி ஃபிசோ சொன்ன பொன் பூச்சு அதற்காகத்தான். அரை லிட்டர் நீரில் ஒரு கிராம் கோல்ட் குளோரைடு, இன்னொரு அரை லிட்டரில் மூன்று கிராம் ஹைப்போ. பொன் கரைசலைத்தான் ஹைப்போவுக்குள் மெல்ல ஊற்றிக் கலக்க வேண்டும், மாற்றி ஊற்றினால் கலவை கெடும். மட்டமான தாங்கியில் தகட்டை வைத்து, கரைசலைக் குளம்போல் நிற்கும்படி ஊற்றி, அடியில் ஸ்பிரிட் விளக்கை நகர்த்திக்கொண்டே சூடாக்குங்கள். ஓரிரு நிமிடத்தில் படம் மங்கி, பிறகு வெள்ளைகள் தெளிந்து எழும். எழுந்ததும் நிறுத்த வேண்டும், பேராசைப்பட்டால் வெள்ளி தோலுரியும். அலசிய தகட்டைச் சாய்த்துப் பிடித்து, மேல் மூலையிலிருந்து சூடான காற்று காட்டி நீரை ஒரே படலமாகக் கீழே இறக்குங்கள். நடுவில் நின்ற ஒரு துளி நிரந்தரக் கறையாகும்.

மூடுவதும் காட்டுவதும்

தகடு காய்ந்த அன்றே மூட வேண்டும். தகடு, அமிலமில்லாத அட்டைச் சட்டம், கழுவிக் காய்ந்த கண்ணாடி, நான்கு ஓரமும் சுற்றி அலுமினிய நாடா. ரப்பர் பீடிங் வேண்டாம், அதில் கந்தகம் உண்டு. வெள்ளிக்குக் கந்தகம்தான் எமன். கொச்சிப் பக்கம் கண்காட்சிக்குக் கொண்டுபோகிறவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கயிறுக்காகத் தேங்காய் மட்டை ஊறப்போடும் காயலோரத்தில் மூக்கைத் துளைக்கும் அழுகல் முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடு. மூடாத தகடு அங்கே சில நாளிலேயே ஓரத்தில் நீலமும் பழுப்புமாக வளையம் கட்டும்.

தொங்கவிடுவது பாதி வேலை. கண்ணாடிபோல் இருப்பதால் எதிரே வெள்ளைச் சுவர் இருந்தால் படம் நெகட்டிவாகத் தெரியும். எதிர்ச் சுவருக்குக் கருப்புத் துணி கட்டுங்கள். தகட்டுக்கு மேலே 45 டிகிரியில் ஒற்றை விளக்கு, மற்றதெல்லாம் அணைக்கப்பட்டிருக்கட்டும். ஒவ்வொரு தகட்டையும் கருப்பு உட்சுவர் கொண்ட சின்ன மாடத்துக்குள் வைத்தால் கூட்டத்திலும் தெரியும். உயரம் கண் மட்டம், தகட்டுக்குத் தகடு ஒரு ஆள் நிற்கும் இடம். வெள்ளைச் சட்டையோடு வருகிறவர் தன் சட்டையைத்தான் பார்ப்பார் என்பதால் வாசலில் இரண்டு கருப்புச் சால்வை வைப்பவர்களும் உண்டு.

கண்ணாடிக்குள் தூசி தெரிந்தால் நாடாவைப் பிரித்து ரப்பர் பல்பால் காற்று ஊதலாம், அதுவும் வறண்ட நாளில். துணி, தூரிகை, விரல் எதுவும் தகட்டின் மேல் படக் கூடாது.