பறவைச் சட்டியில் நுளம்புப் புழு: என் அனுபவம்

கிளிநொச்சியில் சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கத் தொடங்கினால் குளத்து ஓர மண்ணே வெடித்துவிடும். அந்த மாதங்களில் புலுனிகளுக்கும் மைனாக்களுக்கும் வளவுக்குள் தண்ணீர் வைப்பது வழக்கம். முன்பு இருந்த பிளாஸ்டிக் பேசின் ஆழம், வழுவழுப்பு வேறு; விளிம்பில் இருந்து குடித்துவிட்டுப் பறந்துவிடும். இப்போது அகலமான மண்சட்டி. இரண்டு அங்குலத் தண்ணீர், நடுவில் ஒரு தட்டைக் கல். புலுனிக் கூட்டம் இறங்கிச் செட்டையடித்துக் குளித்தால் பாதித் தண்ணீர் பக்கத்துச் செவ்வரத்தைக்குத்தான்.

நுளம்புதான் பெரிய தலையிடி. தண்ணீரை மாற்றியும் புழு திரும்ப வந்தது. டெங்கு நுளம்பு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, சட்டியின் உட்சுவரில் முட்டையை ஒட்டிவிடும். காய்ந்தாலும் அது மாதக்கணக்கில் சாகாது. ஆகவே ஒன்றுவிட்ட ஒருநாள் சட்டியைக் கவிழ்த்து, உட்சுவரைத் தேங்காய்ப் பொச்சால் அழுத்தித் தேய்த்தேன். அப்புறம் புழுவே இல்லை, பாசியும் போய்விட்டது. சவர்க்காரம் மட்டும் வேண்டாம், இறகிலுள்ள எண்ணெய்ப் பூச்சைக் கெடுத்துவிடும். கிணற்றுத் தண்ணீரின் வெள்ளைப் படிவுக்குப் பாதித் தேசிக்காய் போதும். பிறகு நன்றாக அலசுங்கள்.

சட்டியைப் பற்றையோடு ஒட்டி வைக்காதீர்கள், பூனை பதுங்கும். ஏழெட்டு அடி தள்ளி, மர நிழலில் வையுங்கள்.