கோல்ஃப் சிமுலேட்டரைப் பெரிய டிரைவுக்கு மாற்றும்போது செய்யக்கூடாதவை

"அண்ணா, சி டிரைவ் சிவப்பாகிட்டுது." இப்படித் தொடங்கும் அழைப்புகளுக்கு இப்போது பஞ்சமில்லை. சைனாபேயில் விமானப்படையின் ஈகிள்ஸ் கோல்ஃப் லிங்க்ஸ் இருக்கிறதுதான். ஆனால் திருகோணமலை வெயிலில் பதினெட்டுக் குழியும் சுற்ற எல்லாருக்கும் தெம்பு இருக்காது. அதனால் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் விடுதிக்காரர் சிலர் ஏசி அறையில் வலையும் திரையும் கட்டி சிமுலேட்டர் வைத்திருக்கிறார்கள்; நிஜப் பந்தைத் திரையை நோக்கி அடித்தால் அது போகும் பாதையைக் கணினி திரையில் காட்டும்.

கணினி பெரும்பாலும் 256 ஜிபி எஸ்எஸ்டி உள்ள கேமிங் லேப்டாப். ஒரு கோர்ஸே, அதாவது திரையில் ஆடும் ஒரு கோல்ஃப் மைதானத்தின் கோப்புகளே, சில நூறு எம்பியிலிருந்து ஒரு ஜிபிக்கு மேலும் போகும். ஆசை ஆசையாக இறக்கினால் டிரைவ் முட்டாமல் என்ன செய்யும்? அப்புறம் 1 டிபி ஒன்றை வாங்கிப் போட்டு, நாங்கள் எல்லாரும் ஒரு காலம் ஆடிய அதே கூத்தை ஆடத் தொடங்குவார்கள். பேக்கப் எடு, விண்டோஸை அப்டேட் செய் என்பதெல்லாம் தெரிந்த சங்கதி; அதை விடுகிறேன்.

மென்பொருளையே தூக்கிக்கொண்டு போவது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது இதில்தான். நிறைந்திருப்பது கோர்ஸ்களால், இவர்கள் இடம் மாற்றுவது மென்பொருளை.

நிலாவெளியில் ஒரு விடுதி. அங்கே வேலை செய்யும் பொடியன் கெட்டிக்காரன், ஆனால் பொறுமை இல்லை. சிமுலேட்டர் இருந்த கோப்புறையை அப்படியே வெட்டி டி டிரைவில் ஒட்டிவிட்டான். டெஸ்க்டாப்பில் இருந்த ஷார்ட்கட் வேலை செய்யவில்லை. உள்ளே போய் நேரடியாகத் திறந்தான். திறந்தது, ஆனால் உரிமம் கேட்டது. சரி, அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவோம் என்று அன்இன்ஸ்டால் கொடுத்தால், அது பழைய இடத்தில் கோப்புகளைத் தேடிவிட்டு நின்றுவிட்டது. அடுத்ததாக என்ன செய்தான் தெரியுமா? விண்டோஸையே அழித்துப் புதிதாகப் போட்டான். விருந்தினர் மட்டையோடு வந்து நிற்கும்போதுதான் எனக்கு அழைப்பு வந்தது.

மென்பொருள் ஒரே கோப்புறைக்குள் அடங்கிக் கிடப்பதில்லை. விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் பழைய பாதை பதிந்திருக்கும். ஆட்டக்காரர் விவரம், திரை அளவு, புரொஜெக்டர் அமைப்பு, உரிமத் தகவல் எல்லாம் ஆப்டேட்டா, புரோகிராம்டேட்டா என்ற மறைந்த கோப்புறைகளில் கிடக்கலாம். பொடியன் விண்டோஸை அழித்தபோது அவையும் சேர்ந்து போய்விட்டன. போதாக்குறைக்கு, சில மென்பொருள்கள் விண்டோஸைப் புதிதாகப் போட்டாலே அதை வேறு கணினி என்று எண்ணிக்கொள்ளும். பழையதில் உரிமத்தை விடுவிக்காமல் அழித்துவிட்டால், கம்பெனிக்கு மின்னஞ்சல் எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். அவர்களுக்குப் பகல் என்றால் எங்களுக்கு இரவு. அந்த வார இறுதி வருமானம் போனது போனதுதான்.

இத்தனைக்கும் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். முதலில் எது இடத்தைத் தின்கிறது என்று பாருங்கள். ஜிஎஸ்புரோ என்ற சிமுலேட்டர் மென்பொருள் என்றால் வழக்கமாக சி டிரைவில் ஜிஎஸ்புரோவி1 என்ற கோப்புறை, அதற்குள் கோர், அதற்குள் ஜிஎஸ்பி, அதற்குள் கோர்ஸஸ். அந்தக் கடைசிக் கோப்புறைதான் பூதம். உங்கள் மென்பொருளின் அமைப்புகளிலேயே கோர்ஸ் இருக்கும் இடத்தை மாற்ற வழி இருந்தால் வேறொன்றும் வேண்டாம், அங்கேயே மாற்றுங்கள். இல்லாவிட்டால் கோர்ஸஸ் கோப்புறையை மட்டும் புதிய டிரைவுக்குக் காப்பி செய்யுங்கள். சி டிரைவில் உள்ளதற்கு வேறு பெயர் வையுங்கள், அழிக்க வேண்டாம். பிறகு கமாண்ட் பிராம்ப்டை அட்மினாகத் திறந்து, பழைய பாதையைப் புதிய இடத்துக்குத் திருப்பிவிடும் எம்கேலிங்க் (mklink) கட்டளையை சாய்கோடு ஜே (/J) என்பதோடு கொடுங்கள். பழைய பாதை முதலில், புதிய பாதை பின்னால். இந்த வரிசையைத் தலைகீழாகக் கொடுத்துவிட்டு "வேலை செய்யுதில்லை" என்பவர்கள்தான் அதிகம். பழைய பெயரில் ஒரு கோப்புறை இன்னும் இருந்தாலும் கட்டளை ஓடாது. பெயரை மாற்றச் சொன்னதே அதற்குத்தான்.

இப்போது மென்பொருள் தன் பழைய இடத்தையே பார்க்கும், விண்டோஸ் அதைச் சத்தமில்லாமல் டி டிரைவுக்கு அனுப்பும். இரண்டு மூன்று கோர்ஸ்களைத் திறந்து ஆடிப் பாருங்கள். அதற்குப் பிறகு பழையதை அழிக்கலாம்.

கட்

வேண்டாம். காப்பி.

ஐப்பசி, கார்த்திகையில் இடி இடித்தால் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. பாதி இங்கே பாதி அங்கே என்று கிடந்தால் எது முழுசு என்று தேடி மினக்கெட வேண்டும்.

ரோபோகாப்பியில் எம்ஐஆர்

காப்பி செய்ய விண்டோஸிலேயே உள்ள நல்ல கருவி, ஆனால் எம்ஐஆர் (/MIR) போட்டால் மூலத்தில் இல்லாத எதையும் சேருமிடத்தில் அழித்துவிடும். இரண்டு பாதைகளையும் மாற்றிக் கொடுத்தால் காலியான புதிய டிரைவைப் பார்த்து உங்கள் கோர்ஸ்களையெல்லாம் துடைக்கும். சாய்கோடு ஈ (/E) போதும்.

வீட்டில் கிடக்கும் பழைய ஹார்ட் டிஸ்க்

படங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அது நொடிக்கு 100, 150 எம்பி தந்தாலே பெரிது. சாதாரண சாட்டா எஸ்எஸ்டி 500ஐத் தாண்டும். கோர்ஸ் ஏறும்வரை விருந்தினர் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

முழு டிரைவையும் குளோன் செய்கிறவர்கள்

பழைய டிரைவை அப்படியே புதியதில் நகலெடுப்பது தவறில்லை, அமைப்பு, உரிமம் கலையாமல் இருக்க இது பெரும்பாலும் நல்ல வழிதான். ஆனால் டிரைவைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் மீட்புச் சாவியை முதலில் எழுதி வையுங்கள். குளோன் முடிந்ததும் இரண்டையும் ஒன்றாக வைத்துக் கணினியை எழுப்பாதீர்கள். இரண்டுக்கும் ஒரே அடையாளம் என்பதால் விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைனில் தள்ளிவிடும். 1 டிபிக்கு மாறியும் சி டிரைவ் இன்னும் 256 என்று காட்டினால் பயப்பட வேண்டாம். மிச்ச இடம் ஒதுக்கப்படாமல் இருக்கிறது. இடையில் ஒரு சின்ன ரிகவரி பார்ட்டிஷன் குறுக்கே படுத்திருப்பதால்தான் சி டிரைவைப் பெரிதாக்கும் எக்ஸ்டெண்ட் வால்யூம் மங்கித் தெரியும். அதை டிரைவின் கடைசிக்கு நகர்த்த ஒரு பார்ட்டிஷன் மென்பொருள் வேண்டும். 1 டிபி வாங்கி 931 ஜிபி காட்டுகிறது என்று கடைக்காரரோடு சண்டைக்கும் போகாதீர்கள், கணக்கு சரிதான்.

யூஎஸ்பி டிரைவின் எழுத்து

இன்று ஈ, நாளை எஃப். எம்கேலிங்க் போட்டிருந்தால் கோர்ஸ் பட்டியல் காலியாகிவிடும். டிஸ்க் மேனேஜ்மென்டில் அகரவரிசையில் கடைசிப் பக்கத்து எழுத்து ஒன்றை நிலையாகக் கொடுத்துவிடுங்கள்.

ஃபயர்வால் கேள்விக்கு கேன்சல்

டி டிரைவில் புதிதாக நிறுவினால், முதல் தடவை திறக்கும்போது விண்டோஸ் ஃபயர்வால் அனுமதி கேட்கும். பழைய அனுமதி பழைய பாதைக்குத்தான் செல்லுபடியாகும். அவசரத்தில் கேன்சல் அழுத்துகிறவர்கள் நினைப்பது போல அது "பிறகு பார்க்கலாம்" அல்ல. தடை விதியாகவே பதிந்துவிடும். ஜிஎஸ்புரோ 921ஆம் போர்ட்டில் காத்திருக்க, அடித்த பந்தை அளக்கும் கருவியான லான்ச் மானிட்டரின் தகவலை அனுப்புவது போனாகவோ இன்னொரு கணினியாகவோ இருந்தால் பந்து அடித்தும் திரையில் எதுவும் அசையாது. உடனே லான்ச் மானிட்டர் பழுது என்று அதைக் கழற்றத் தொடங்குவார்கள். அதைத் தொடாதீர்கள். ஃபயர்வாலின் இன்பவுண்ட் விதிகளில் அந்த மென்பொருளின் பெயரில் சிவப்புக் குறி இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் நீக்கிவிட்டு மறுபடி திறந்து, இந்தத் தடவை அனுமதி கொடுங்கள்.