கார்க் நகரில் தங்கி, குறைந்த செலவில் அயர்லாந்தின் தென்கரையைச் சுற்றிப் பார்ப்பது எப்படி?

முதுகில் ஒரு பையுடன் அயர்லாந்துக்குப் புறப்படுகிறவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது டப்ளின். அங்கே படுக்கைக்கும் உணவுக்கும் ஆகும் செலவைப் பார்த்த பிறகு, நாட்டின் மற்ற பகுதிகளைப் பார்க்கும் ஆசையைப் பலர் கைவிட்டுவிடுகிறார்கள். அவர்களுக்கு நான் பரிந்துரைப்பது தெற்கே உள்ள கார்க் நகரத்தை. நாள்தோறும் ஊர் மாறி, ஒவ்வோர் ஊரிலும் புதிதாக விடுதி தேடுவதை விட, கார்க்கில் ஒரே படுக்கையைத் தொடர்ந்து எடுத்துக்கொண்டு, காலையில் சிற்றூர்களுக்குப் போய் மாலையில் திரும்பிவிடுவது செலவையும் களைப்பையும் நன்றாகக் குறைக்கும். கீழ்வரும் படிகள் அந்த முறையை அடிப்படையாகக் கொண்டவை.

படி 1: விசாவை முதலில் முடியுங்கள்

அயர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும், ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குச் செல்ல வழிசெய்யும் ஷெங்கன் பகுதியில் இல்லை. ஆகவே ஷெங்கன் விசாவைக் கொண்டு அங்கே நுழைய முடியாது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் அயர்லாந்து விசாவுக்குத் தனியாக இணையவழியில் விண்ணப்பிக்க வேண்டும். ஒரு முறை நுழைவதற்கான கட்டணம் 60 யூரோ. பலமுறை நுழைவதற்கு 100 யூரோ. பயணத் தேதிக்கு மூன்று மாதங்களுக்கு முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். உங்கள் விசாவில் BIVS (பிரிட்டிஷ்-ஐரிஷ் விசா திட்டம்) என்ற குறிப்பு இல்லாவிட்டால், ஒரு முறை விசாவில் சென்று, இடையில் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டையும் பார்க்கலாம் என்று திட்டமிடாதீர்கள். அது ஐக்கிய இராச்சியத்தைச் சேர்ந்த பகுதி. அங்கே செல்வதற்கு வேறு விசா வேண்டும், திரும்பி வருவதற்கு உங்கள் ஒரு முறை விசா பயன்படாது.

படி 2: பையில் என்ன வைப்பது

மழைக்குக் குடையை நம்ப வேண்டாம். கடற்காற்றில் அது மடங்கிவிடும். தலையை மூடும் மழைச்சட்டையும், நனைந்தாலும் விரைவில் உலரும் உடைகளும், நடந்து பழகிய காலணியும் போதும். அங்குள்ள மின்செருகிகள் பிரிட்டனில் உள்ளவை போலச் செவ்வக முனைகள் மூன்று கொண்டவை என்பதால் நம் ஊர் சார்ஜருக்கு அடாப்டர் தேவைப்படும். ஒரு துணிப்பையும் தண்ணீர்க் குப்பியும் அவசியம். கடைகளில் பிளாஸ்டிக் பைக்குத் தனி வரி உண்டு. குழாய்த் தண்ணீரையோ நேரடியாகக் குடிக்கலாம்.

படி 3: கார்க் நகரை அடைவது

டப்ளினில் இறங்குகிறவர்கள் நகருக்குள் போகவே தேவையில்லை. விமான நிலையத்திலிருந்தே ஏர்கோச், கோபஸ் ஆகிய நிறுவனங்களின் பேருந்துகள் கார்க்குக்குச் செல்கின்றன. பயணம் மூன்று மணி நேரத்துக்குச் சற்று அதிகம். ரயிலில் வர விரும்பினால் டப்ளின் ஹியூஸ்டன் நிலையத்தில் ஏறிக் கார்க்கின் கென்ட் நிலையத்தில் இறங்க வேண்டும். அது சுமார் இரண்டரை மணி நேரம். ரயில் கட்டணம் முன்கூட்டியே இணையத்தில் எடுத்தால் குறையும், ஆனாலும் பேருந்தே பெரும்பாலும் மலிவு. லண்டன் போன்ற நகரங்களிலிருந்து கார்க் விமான நிலையத்துக்கே நேரடியாக வருகிறவர்கள் 226 எண் பேருந்தில் நகருக்குள் வந்துவிடலாம்.

படி 4: படுக்கையைத் தேர்ந்தெடுப்பது

ஹாஸ்டல்களில் பலர் சேர்ந்து தங்கும் அறையில் ஒரு படுக்கை எடுப்பதே குறைந்த செலவிலான வழி. விலையை மட்டும் பார்க்காமல் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள்: விருந்தினர் சமைப்பதற்குச் சமையலறை இருக்கிறதா, பையைப் பூட்டி வைக்க லாக்கர் இருக்கிறதா? சமையலறை உள்ள விடுதிக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுத்தாலும், வெளியில் உண்ணும் ஒருவேளை உணவைத் தவிர்த்தாலே அந்தத் தொகை திரும்பி வந்துவிடும். வெள்ளி, சனி இரவுகளில் விலை ஏறும் என்பதால் ஞாயிறு மாலை வந்து வெள்ளி காலை புறப்படுமாறு தேதிகளை அமைத்துக்கொள்வது நல்லது. 1978 முதல் நடந்துவரும் கார்க் ஜாஸ் விழா அக்டோபர் கடைசி வார இறுதியில் வரும். இசைக்காகவே போகாவிட்டால் அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். மே மாதமும் செப்டம்பரும் என் பார்வையில் பொருத்தமானவை. பகல் நீளமாக இருக்கும், கோடை விடுமுறையின் நெரிசலும் இருக்காது.

படி 5: லீப் அட்டையும் நகரத்து நடையும்

வந்திறங்கிய உடனே, லீப் சின்னம் ஒட்டிய கடை ஒன்றில் லீப் அட்டையை வாங்கிப் பணம் நிரப்பிக்கொள்ளுங்கள். நகரப் பேருந்துகளிலும், கோவ், மிடில்டன் ஊர்களுக்குச் செல்லும் புறநகர் ரயில்களிலும் அது செல்லும். ரொக்கமாகக் கொடுப்பதை விடக் கட்டணமும் குறைவு. ரயிலில் ஏறும் முன்னும் இறங்கிய பின்னும் அட்டையைக் கருவியில் தொட மறக்காதீர்கள்.

நகரத்துக்குள் பேருந்தே வேண்டியதில்லை. லீ ஆறு இரண்டு கிளைகளாகப் பிரிந்து ஓட, நடுவிலுள்ள தீவில் நகரத்தின் மையம் அமைந்திருக்கிறது. கட்டணமின்றிப் பார்க்கக்கூடியவற்றுள் நான் முதலிடம் தருவது கார்க் பல்கலைக்கழகக் கல்லூரிக்கு. அதன் பழைய கட்டடத்தின் கல் நடைவழியில், ஓகம் எழுத்துகள் பொறித்த பழங்கால நடுகற்கள் வரிசையாக நிற்கின்றன. கல்லின் ஓரத்தில் வெட்டிய கோடுகளையே எழுத்தாகக் கொண்ட அந்த முறை ஐரிஷ் மொழியின் மிகப் பழைய எழுத்துச் சான்று. கணினி படித்தவர்களுக்கு அந்த வளாகத்தில் இன்னொரு காரணமும் உண்டு. 1849-இல் அங்கே முதல் கணிதப் பேராசிரியராகப் பொறுப்பேற்ற ஜார்ஜ் பூலின் தருக்க இயற்கணிதம்தான் இன்றைய எண்முறைச் சுற்றுகளின் அடித்தளம். அங்கிருந்து ஆற்றோரமாக நடந்தால் ஃபிட்ஸ்ஜெரால்டு பூங்காவும் அதனுள் இலவச அருங்காட்சியகமும் வரும். 1601-இல் எழுப்பப்பட்ட எலிசபெத் கோட்டையின் மதிலில் ஏறி நகரத்தைப் பார்ப்பதற்கும் கட்டணம் இல்லை.

காசு கொடுத்துப் பார்க்க ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், ஷாண்டன் குன்றிலுள்ள புனித ஆன் தேவாலயத்தைச் சொல்வேன். அதன் மணிகளைப் பார்வையாளர்களே கயிறு இழுத்து ஒலிக்கலாம். கோபுரத்தின் நான்கு கடிகார முகங்களும் ஒரே நேரத்தைக் காட்டாது என்பதால் ஊர்மக்கள் அதை நான்கு முகப் பொய்யன் என்று அழைக்கிறார்கள்.

படி 6: உணவுச் செலவைக் கட்டுப்படுத்துவது

1788 முதல் இயங்கும் இங்கிலிஷ் மார்க்கெட் என்னும் கூரைச் சந்தையில் ரொட்டி, பாலாடைக்கட்டி, பழங்கள் ஆகியவற்றைத் தேவையான அளவு வாங்கலாம். அது ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும். அரிசி, பருப்பு, காய்கறி, முட்டை போன்றவற்றுக்கு ஆல்டி, லிடில் கடைகள் மலிவானவை. மதியத்தில் உள்ளூர்த் தொழிலாளர்களும் மாணவர்களும் வாங்கிச் சாப்பிடும் சிக்கன் ஃபில்லெட் ரோல் வயிற்றை நிரப்பிவிடும். சைவ உணவு உண்பவர்கள் அது விற்கும் கடையிலேயே முட்டை, சீஸ், காய்கள் வைத்த ரோலைக் கேட்டு வாங்கலாம்.

குளிர்பானம் வாங்கினால் காலிக் குப்பியை எறிந்துவிட வேண்டாம். 2024 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள திட்டத்தின்படி, 500 மில்லிலிட்டர் வரையிலான பிளாஸ்டிக் குப்பிக்கும் டின்னுக்கும் 15 சென்ட், அதற்கு மேற்பட்டதற்கு 25 சென்ட் முன்பணமாக விலையோடு சேர்த்து வாங்கப்படுகிறது. நசுக்காமல் கொண்டுபோய்க் கடையிலுள்ள இயந்திரத்தில் போட்டால் அந்தப் பணத்துக்கான சீட்டு கிடைக்கும்.

படி 7: கோவ் துறைமுகத்துக்கு ஒரு முழு நாள்

கென்ட் நிலையத்திலிருந்து கோவ் ஊருக்கு ரயிலில் ஏறத்தாழ 25 நிமிடம். இந்தப் பயணத்தில் ஒரே ஒரு சிற்றூருக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் கோவுக்கே போங்கள். 1912 ஏப்ரல் 11 அன்று டைட்டானிக் கப்பல் கடைசியாக நின்ற துறைமுகம் இதுதான். அப்போது ஊரின் பெயர் குயின்ஸ்டவுன். பஞ்சத்துக்கும் வறுமைக்கும் தப்பி, இலட்சக்கணக்கான ஐரிஷ் மக்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேறியதும் இங்கிருந்துதான். நியூயார்க்கின் எல்லிஸ் தீவு 1892 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்டபோது முதலாவதாகப் பதிவான ஆனி மூர் என்ற சிறுமி, தம்பியர் இருவருடன் நிற்கும் சிலையைக் கடற்கரையோரம் காணலாம். பிழைப்புத் தேடிக் கடல் கடந்தவர்களின் குடும்பத்தில் பிறந்த எவரும் அந்தச் சிலையை விரைவில் கடந்துபோக முடியாது. மேலே புனித கோல்மன் பேராலயத்துக்குள் நுழையக் கட்டணம் இல்லை. 1915-இல் நீர்மூழ்கிக் கப்பலின் தாக்குதலில் மூழ்கிய லூசிடேனியா கப்பலில் இறந்தவர்களின் நினைவிடத்தையும் ஊர்ச் சதுக்கத்தில் பாருங்கள். டைட்டானிக் கண்காட்சி, துறைமுகத்திலுள்ள ஸ்பைக் தீவு இரண்டுக்கும் கட்டணம் உண்டு. பணம் குறைவாக இருந்தால் இரண்டையும் விட்டுவிடலாம்.

திரும்பும்போது நேராகக் கார்க்குக்கு வராமல் கேரிகலோ நிலையத்தில் இறங்குங்கள். அருகிலுள்ள துறையிலிருந்து சிறு படகு சில நிமிடங்களில் எதிர்க்கரையிலுள்ள கிளென்புரூக்கில் விடும். நடந்து வருகிறவர்களுக்குக் கட்டணம் மிகக் குறைவு. அங்கிருந்து பாசேஜ் வெஸ்ட் ஊரைத் தாண்டினால், 1932-இல் மூடப்பட்ட பழைய ரயில் பாதையின் மீது அமைத்த நடைபாதை நீரோரமாகவே கார்க்கை நோக்கிச் செல்கிறது. மேடு பள்ளம் இல்லாத பாதைதான். ஆனாலும் நகரத்தை அடைய மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். மழை வலுத்தால் பாசேஜ் வெஸ்டிலேயே 223 எண் பேருந்தில் ஏறிவிடலாம். கட்டணம் கொடுத்துப் பார்க்கும் எந்தக் காட்சியையும் விட இந்த நடையை நான் மேலாக மதிக்கிறேன்.

படி 8: கின்சேலும் பிளார்னியும்

துறைமுக ஊரான கின்சேலுக்கு, விமான நிலையம் வழியாகச் செல்லும் அதே 226 எண் பேருந்து போகிறது. ஊரின் உணவகங்கள் விலை கூடியவை என்பதால் மதிய உணவைக் கட்டி எடுத்துச் செல்லுங்கள். துறைமுகத்தையொட்டிய ஸில்லி பாதை வழியாகச் சுமார் மூன்று கிலோமீட்டர் நடந்தால் 17-ஆம் நூற்றாண்டில் கட்டிய, நட்சத்திர வடிவிலான சார்லஸ் கோட்டையை அடையலாம். நுழைவுக் கட்டணம் சிறிதுதான். எதிர்க்கரையிலுள்ள ஜேம்ஸ் கோட்டையின் இடிபாடுகளைப் பார்க்க அதுவும் கிடையாது. திரும்பும் பேருந்தின் நேரத்தைக் காலையிலேயே குறித்துக்கொள்ளுங்கள். ஞாயிறுகளில் பேருந்துகள் குறைவு.

பிளார்னிக்கு 215 எண் பேருந்து செல்கிறது. முத்தமிட்டால் பேச்சுத்திறன் வரும் என்று நம்பப்படும் கல்லுக்காக மட்டும் போவதானால், அது இருக்கும் பிளார்னி கோட்டையின் நுழைவுக் கட்டணம் அதிகம் என்றே சொல்வேன். பரந்த தோட்டங்களிலும் காட்டுப் பாதைகளிலும் பகல் முழுவதையும் கழிக்க எண்ணம் இருந்தால் மட்டும் காலையில் முதல் ஆளாக நுழையுங்கள்.