இலையுதிர் காலத்தில் மோட்டர்ஹோமில் குடியிருப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிட்டனில் மோட்டர்ஹோமை, அதாவது படுக்கையும் சமையலறையும் உள்ள வீட்டு வண்டியை, ஓரிடத்தில் நிறுத்தி அதிலேயே குடியிருப்பவர்கள் பெரும்பாலும் பயப்படுவது டிசம்பர், ஜனவரிக் குளிருக்குத்தான். என்னைக் கேட்டால், செப்டம்பர் கடைசியில் தொடங்கி நவம்பர் முடிய இருக்கும் இலையுதிர் காலம்தான் வண்டியை அதிகம் கெடுக்கிறது. குளிர்காலத்துக்கு எல்லோரும் தயாராகிவிடுகிறார்கள். இலையுதிர் காலத்திலோ பாதிப்பேர் இன்னும் கோடைப் பழக்கத்திலேயே இருக்கிறார்கள். பகலில் 14, 15 டிகிரி, ராத்திரி 5, 6 டிகிரி, நடுவே விடாத தூறல். இந்த நாட்களில் நடக்கும் தவறுகள் பலவற்றுக்கும் வேர் ஒன்றுதான்: குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் அடைத்துவிட்டு, ஈரத்தை உள்ளேயே சேர்த்து வைக்கிறோம்.

ஜன்னலை இறுக மூடுவது

முதல் தவறும் பெரிய தவறும் இதுதான். இரண்டு பேர் ஒரு ராத்திரி தூங்கி எழுந்தால், மூச்சிலும் வியர்வையிலுமாக அரை லிட்டர் தண்ணீராவது காற்றில் கலந்துவிடும். அதோடு சமையலும் சேர்கிறது. ஒரு கிலோ காஸ் எரிந்தால் அந்தத் தீயிலிருந்து மட்டும் சுமார் 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக வெளிவருகிறது. இது பாத்திரத்திலிருந்து எழும் ஆவிக்கு மேல் கூடுதல் கணக்கு. நம் சமையலோ ஆவிச் சமையல். சோறு கொதிக்க வேண்டும், பருப்பு வேக வேண்டும், குக்கர் நாலு விசில் விட வேண்டும். ஆறு, ஏழு மீட்டர் நீளமுள்ள ஒரு பெட்டிக்குள் இதெல்லாம் எங்கே போகும்? இட்லிப் பானை மூடியில் நீர் முத்து முத்தாகக் கோர்ப்பதுபோல, கண்ணாடியிலும் அலமாரியின் பின்பக்கத்திலும் கோர்த்து நிற்கும்.

உள்ளே 20 டிகிரி வெப்பமும் 60 சதவீத ஈரப்பதமும் இருந்தால், 12 டிகிரிக்குக் கீழே உள்ள எந்தப் பரப்பிலும் நீர் படிந்துவிடும். இலையுதிர் கால ராத்திரியில் வண்டியின் முன்கண்ணாடி அதைவிடக் குளிர்ச்சியாகத்தான் இருக்கும். வாழும் பகுதியின் ஜன்னல்கள் இரட்டை அக்ரிலிக். ஓட்டுநர் பக்கக் கண்ணாடிகளோ ஒற்றை அடுக்கு, அதனால் முதலில் நனைவது அங்கேதான். அதற்குத் தடுப்புத் திரையை உள்பக்கம் மாட்டுகிறவர்கள் நிறையப் பேர். திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஈரம் சிக்கி, காலையில் டாஷ்போர்டில் வழிந்து கிடக்கும். வெளிப்பக்கம் போர்த்தும் வெள்ளிநிறத் திரை இருக்கிறதே, அது கண்ணாடியையே குளிராமல் காப்பதால் வேலை நன்றாக நடக்கும். அதற்கான காசு வீண்போகாது.

“வெளியே மழை பெய்கிறது, ஜன்னலைத் திறந்தால் ஈரம் இன்னும் உள்ளே வருமே” என்று கேட்பார்கள். கேட்க நியாயமாகத்தான் தோன்றும், ஆனால் நடப்பது நேர்மாறு. 8 டிகிரியில் உள்ள காற்று முழுக்க நனைந்திருந்தால்கூட ஒரு கன மீட்டரில் 8 கிராம் தண்ணீர்தான் இருக்கும். அதே காற்று உள்ளே வந்து 20 டிகிரிக்குச் சூடானதும் அதன் ஈரப்பதம் 50 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். அதாவது மழைநாளின் குளிர்ந்த காற்றுகூட, சூடேறியதும், உங்கள் வண்டிக்குள் இருக்கும் காற்றைவிட உலர்ந்தது. ஆகவே காலையில் எழுந்ததும் எதிரெதிரே உள்ள இரண்டு ஜன்னல்களை ஐந்து, பத்து நிமிடம் திறந்து வையுங்கள். ராத்திரியில் கூரை ஜன்னலை ஒரு விரற்கடை திறந்துவிட்டு, ஹீட்டரை முழுக்க அணைக்காமல் குறைத்து வைத்துத் தூங்குங்கள். கொஞ்சம் காஸ் செலவாகும்தான். பூஞ்சை பிடித்த மெத்தையை மாற்றும் செலவோடு பார்த்தால் அது ஒன்றுமில்லை.

மெத்தை என்றதும் ஒரு விஷயம். படுக்கையின் மேல்பக்கம் உலர்ந்திருப்பதைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடாதீர்கள். உடம்பின் ஈரம் மெத்தைக்குள் இறங்கி, அடியில் உள்ள குளிர்ந்த பிளைவுட் பலகையில்தான் படிகிறது. கையை அடியில் விட்டுத் தடவிப் பாருங்கள், சில்லென்று ஈரம் ஒட்டும். இரண்டு வாரம் கவனிக்காமல் விட்டால் கரும்புள்ளிகள் வந்துவிடும். காலையில் மெத்தையைத் தூக்கிச் சுவரில் சாய்த்து வைப்பது, அடியில் காற்றோட்டமான வலைப்பாய் விரிப்பது, இந்த இரண்டும் போதும். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரிகளிலும் துணியை அழுத்தி அடைக்காமல், பகலில் கதவைச் சற்றுத் திறந்து விடுங்கள்.

கண்ணாடியைத் துடைத்த துணியை வெளியே பிழியாமல் ஹீட்டர் மேலேயே காயப் போடுவதையும் பார்க்கிறேன். துடைத்த தண்ணீர் அத்தனையும் மறுபடி காற்றுக்கே போகிறது. துவைத்த துணிகளும் அப்படித்தான். ஒரு வாளித் துணியை உள்ளே கொடி கட்டிக் காயவைத்தால், லிட்டர் கணக்கில் தண்ணீர் சுவரில் ஏறும். வண்டிகளை நிறுத்தித் தங்கும் முகாம்கள் பலவற்றில் துவைத்து உலர்த்தும் அறை இருக்கிறது. இல்லாவிட்டால் பெட்ரோல் பங்க், சூப்பர்மார்க்கெட் வாசல்களில் காசு போட்டு ஓட்டும் உலர்த்தி இயந்திரம் கிடைக்கும். வாரம் ஒரு நாள் அதற்கென்று ஒதுக்கிவிடுவது நல்லது.

ஈரம் உறிஞ்சும் உப்புப் பெட்டிகள் அலமாரிக்குள் வைக்கச் சரி. ஆள் குடியிருக்கும் வண்டிக்கு அவை போதவே போதாது. ஈரநீக்கி வாங்குவதாக இருந்தால், கம்ப்ரஸர் வகை குளிர்ந்த இடத்தில் சோர்ந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள். ஈரம் உறிஞ்சும் பொருளை வைத்து இயங்கும் டெசிகன்ட் வகை குளிரிலும் வேலை செய்யும், கொஞ்சம் வெப்பமும் தரும், ஆனால் கரண்ட் கூடுதலாகக் குடிக்கும்.

துவாரங்களை அடைப்பது

குளிர்காற்று வருகிறது என்று தரையில் உள்ள துவாரங்களில் துணி திணிப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் கீழே இறங்கி வெளியேறத்தான் அந்தத் துவாரங்கள் வைத்திருக்கிறார்கள். கூரைத் துவாரமும் அப்படியே, எரியும் அடுப்புக்குக் காற்று வேண்டும். காற்று போதாமல் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு மணமில்லை, நிறமில்லை. தலைவலி, குமட்டல், அசதி என்று சாதாரணக் காய்ச்சல்போலத் தொடங்கி, தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். அடுப்பை ஹீட்டராகப் பயன்படுத்துவது, மழைக்குப் பயந்து பார்பிக்யூ அடுப்பை ஆனிங் (வண்டியின் பக்கத்தில் விரிக்கும் துணிப்பந்தல்) கூடாரத்துக்குள் இழுத்து வைப்பது, இரண்டும் கூடவே கூடாது. அணைந்துவிட்டதாகத் தெரியும் கரியும் மணிக்கணக்கில் இந்த வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும். வண்டிகளுக்கென்று உள்ள தரம் இஎன் 50291-2. அந்த எண் அச்சிட்ட அலாரம் ஒன்றை மாட்டி, மாதம் ஒருமுறை பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

காஸ் விஷயத்தில் இன்னொன்று. கோடையில் வாங்கிய நீல சிலிண்டரையே தொடர்வது. பிரிட்டனில் நீலம் பியூட்டேன், சிவப்பு புரொப்பேன். பியூட்டேன் சுழியம் டிகிரியை ஒட்டியே ஆவியாவதை நிறுத்திவிடும், அதற்கு 4, 5 டிகிரி முன்பிருந்தே அழுத்தம் குறையத் தொடங்கும். புரொப்பேன் மைனஸ் 42 டிகிரி வரை ஆவியாகும். அக்டோபர் பிறக்கும்போதே சிவப்புக்கு மாறிவிடுங்கள். இணைப்புக் குழாயும் வேறு, அதையும் சேர்த்து வாங்க வேண்டும். ஹீட்டர் 2 கிலோவாட்டில் ஓடினால் 6 கிலோ சிலிண்டர் சுமார் 40 மணி நேரம்தான் வரும். அதனால் ஒன்று எரியும்போது இன்னொன்று நிறைந்து இருக்கட்டும். காலியாவது எப்போதும் அதிகாலை மூன்று மணிக்குத்தான்.

கரண்ட் கணக்கு

வீட்டுப் பழக்கத்தில் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போடுவது. முகாமின் ஹூக்கப், அதாவது வண்டிக்குக் கரண்ட் தரும் இணைப்பு, 10 ஆம்ப் என்றால் 2,300 வாட். சிறிய பண்ணை முகாம்களில் 6 ஆம்ப், அதாவது 1,380 வாட்டோடு சரி. வீட்டுக் கெட்டில் ஒன்றே 3,000 வாட் இழுக்கும். இதில் 2,000 வாட் ஹீட்டரும் ஓடிக்கொண்டிருந்தால் டிரிப் ஆகாமல் என்ன செய்யும்? 1,000 வாட்டுக்குள் இருக்கும் கெட்டில் ஒன்று வாங்கிக்கொண்டு, அது கொதிக்கும்போது ஹீட்டரைக் குறைத்துவிட்டால் பிரச்சினை இல்லை. கேபிளை ரீலில் சுற்றியபடியே பயன்படுத்த வேண்டாம். சுற்றுக்குள் வெப்பம் சேர்ந்து உறை உருகலாம். 25 மீட்டரையும் முழுக்க அவிழ்த்து, வண்டிக்கு அடியில் தளர்வாகப் போட்டு, இணைப்பு மட்டும் ஈரப்புல்லில் கிடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹூக்கப் இல்லாமல் சோலாரை நம்பி இருப்பவர்கள் செப்டம்பரிலேயே கணக்கை மாற்ற வேண்டும். லண்டனில் செப்டம்பர் கடைசியில் 12 மணி நேரமாக இருக்கும் பகல், நவம்பர் கடைசியில் 8 மணி நேரமாகச் சுருங்கிவிடும். சூரியனும் நடுப்பகலில்கூடத் தாழ்வாகவே நிற்கும். கூரையில் படுக்கையாகப் பதித்த பலகைக்கு ஜூன் மாதத்தில் கிடைத்ததில் ஐந்தில் ஒரு பங்கு வந்தாலே பெரிது. லெட்-ஆசிட் பேட்டரி முழுக்க ஏறியிருந்தால் 12.7 வோல்ட், 12.2 என்றால் பாதி தீர்ந்துவிட்டது. அதற்குக் கீழே அடிக்கடி இறக்கினால் அடுத்த வசந்தத்தில் புதுப் பேட்டரிதான். லித்தியம் பேட்டரி வைத்திருப்பவர்கள் சுழியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றக் கூடாது.

நிறுத்தும் இடம்

கோடையில் நிழலுக்காக மரத்தடியைத் தேடுவது சரி. அதே இடத்தில் அக்டோபரிலும் இருப்பது தவறு. இலை, பிசின், ஓக் மரத்தடியானால் ராத்திரியெல்லாம் கூரையில் விழும் கொட்டைகள். நனைந்த இலைகள் கூரை ஜன்னலைச் சுற்றி அடைத்துக்கொண்டால், மழைநீர் தேங்கிப் பழைய அடைப்புப் பசை (சீலன்ட்) வழியே உள்ளே இறங்கும். வெளியே ஒரு சொட்டும் தெரியாது, உள்ளே மரச்சட்டம் உளுத்துப்போகும். சுவரை அங்கங்கே அழுத்திப் பாருங்கள். மெத்தென்று உள்ளே போனால் ஓதம் இறங்கிவிட்டது என்று அர்த்தம். வாரம் ஒருமுறை கூரையை நீள்பிடித் தூரிகையால் தள்ளிவிடுவதும், ஹீட்டரின் புகைவாயிலில் இலை அடைத்திருக்கிறதா என்று பார்ப்பதும் பழக்கமாகட்டும்.

புல்தரையும் ஏமாற்றும். மூன்றரை டன் வண்டி, பெரும்பாலும் முன்சக்கர இழுவை. காய்ந்த நாளில் ஏறி நின்றுவிடும். இரண்டு வார மழைக்குப் பிறகு கிளம்பப் பார்த்தால் சக்கரம் சுழன்று குழிதான் ஆழமாகும். இலையுதிர் காலத்தில் கற்தளம் போட்ட பிட்ச் (வண்டி நிறுத்தும் இடம்) கேட்டு வாங்குங்கள். அது கிடைக்கவே இல்லையென்றால், வெளியேறும் திசை இறக்கமாக இருக்கும்படி நிறுத்துங்கள்.

ஆற்றங்கரைப் பிட்ச்சைப் பற்றி ஒரு வார்த்தை, அழகுக்காக மயங்குபவர்களுக்கு. வடமேற்கு இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பகுதியில் உள்ள சீத்வெயிட்டில் 2009 நவம்பரில் 24 மணி நேரத்தில் 316.4 மி.மீ. மழை கொட்டியது. கீழே உள்ள காக்கர்மவுத் ஊர் வெள்ளத்தில் மூழ்கியது. இங்கிலாந்தில் சுற்றுச்சூழல் முகமையின் வெள்ள எச்சரிக்கையை இலவசமாகவே போனில் பெறலாம், பதிவு செய்துகொள்ளுங்கள். புயலுக்கும் இதே காலம்தான். 2023-ல் அக்டோபரில் பேபெட், நவம்பர் தொடக்கத்தில் சியாரன். படுக்கப் போகுமுன் ஆனிங்கைச் சுருட்டிவிட வேண்டும். “நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்” என்று விட்ட ஆனிங்தான் பக்கத்து வண்டியின் மேல் போய் விழும்.

மற்றவை

எலிகள் இந்த மாதங்களில்தான் வீடு தேடும். பென்சில் நுழையும் ஓட்டை போதும். குழாயும் கேபிளும் தரையைத் துளைக்கும் இடங்களில் இரும்பு நாரை (ஸ்டீல் வுல்) அடையுங்கள், காஸ் துவாரங்களைத் தவிர. அரிசியும் பருப்பும் மூட்டையில் இருக்க வேண்டாம், தகர டப்பாவுக்கு மாற்றுங்கள். உணவைவிட ஒயரைக் கடிப்பதுதான் பெரிய ஆபத்து.

உறைபனி ஜனவரியில்தான் வரும் என்று இருந்துவிடுகிறவர்கள், ஒரு காலையில் எழுந்து தண்ணீர்த் தொட்டி காலியாக இருப்பதைப் பார்த்துக் கசிவு என்று பதறுகிறார்கள். பல வண்டிகளில் உள்ள ட்ரூமா நிறுவனக் கொதிகலனின் பாதுகாப்பு வால்வு, தன்னைச் சுற்றி வெப்பம் 3 டிகிரி அளவுக்கு இறங்கினால் தானாகத் திறந்து தண்ணீரை வெளியே விட்டுவிடும். அந்த இடம் 7 டிகிரிக்கு மேல் சூடானால்தான் மூட முடியும். பழுது ஒன்றும் இல்லை. முதலில் வண்டியைச் சூடாக்கி, வால்வை மூடி, பிறகு நிரப்புங்கள்.

அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும். அன்றிலிருந்தே சாயங்காலம் நாலரை, நாலே முக்காலுக்கே இருட்டு. தொட்டியைக் காலி செய்வது, தண்ணீர் பிடிப்பது, சிலிண்டர் மாற்றுவது எல்லாவற்றையும் மதியத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள். சேற்றில் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு கேசட் டாய்லெட்டின் கழிவுத் தொட்டியைத் தூக்கிப் போவது சிரமம். மதியம் ஒரு அரை மணி நேரம் வெளியே நடந்துவிட்டு வருவதையும் விடாதீர்கள். நாள் முழுக்க அந்தப் பெட்டிக்குள்ளேயே இருந்தால் மனசு கனத்துப்போகும்.

கடைசியாக, தேதிகள். நிறைய முகாம்கள் அக்டோபர் கடைசியிலோ நவம்பர் தொடக்கத்திலோ மூடிவிடும். திறந்திருப்பவையும் ஒரே பிட்ச்சில் இத்தனை நாள்தான் என்று வரம்பு வைத்திருக்கும். அடுத்த இடத்தை செப்டம்பரிலேயே பேசி வைத்துவிடுங்கள். அப்படியே காப்பீட்டுப் பத்திரத்தையும் ஒருமுறை எடுத்துப் படியுங்கள். சாதாரண மோட்டர்ஹோம் காப்பீடு பெரும்பாலும் உங்களுக்கு வேறொரு நிலையான வீடு இருப்பதாக வைத்துத்தான் எழுதப்பட்டிருக்கும். வண்டியிலேயே குடியிருக்கிறீர்கள் என்றால், முதல் புயல் வருவதற்கு முன்பே அவர்களிடம் சொல்லி, அதற்கேற்ற பாலிசிக்கு மாறிவிடுங்கள்.